பழைய ஹைலக்ஸில் ஆட்டோ கியர்பாக்ஸின் வயர்களை அடையாளம் கண்டு பழுதுபார்ப்பது எப்படி?

உங்கள் வண்டி 2006ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், நான்கு கியர் ஆட்டோ. லீவரை ‘டி’யில் வைத்தால் கிளம்பத் திணறுகிறது, வேகம் கூடிய பிறகு மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. கியர்பாக்ஸின் மேல் வரும் வயர்களை முன்பு வைத்திருந்தவர் வெட்டி, வேறு நிற வயர்களால் ஒட்டுப்போட்டிருக்கிறார். உங்கள் ஃபோர்மேனோ (வண்டி பழுதுபார்ப்பவர்) கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், கியர்பாக்ஸைக் கழற்ற இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டத்து வண்டிகளை நெடுங்காலமாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில், கோளாறு மின்சாரத்தில் இருக்கிறதா, கியர்பாக்ஸின் உள்ளே இருக்கிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஏ340 வகைக் கியர்பாக்ஸில் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு சொலினாய்டுகள்தான் (மின்சாரத்தால் இயங்கும் எண்ணெய் வால்வுகள்) கியரைத் தேர்ந்தெடுக்கின்றன. முதல் கியரில் எஸ்1 மட்டும் இயங்கும், இரண்டாவதில் இரண்டும் இயங்கும், மூன்றாவதில் எஸ்2 மட்டும் இயங்கும், நான்காவதில் இரண்டுமே இயங்காது. ஆகவே வயர் அறுந்து இரண்டுக்கும் மின்சாரம் போகாவிட்டால், ‘டி’யில் வண்டி நேராக நான்காவது கியரில்தான் கிளம்ப முயலும். ஆனால் லீவரை ‘எல்’லுக்கு இழுத்தால் எண்ணெயின் பாதை லீவராலேயே மாறுவதால், மின்சாரமே இல்லாமல் முதல் கியர் கிடைக்கும், ‘2’இல் வைத்தால் மூன்றாவது கிடைக்கும். ‘எல்’லில் வண்டி சுறுசுறுப்பாக நகர்ந்தால் உள்ளே இருக்கும் கிளட்சுகளைச் சந்தேகிப்பதற்கு முன் வயரைச் சந்தேகிப்பதுதான் முறை. கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி கையில் இருந்தால், பி0753 எஸ்1இன் மின்சுற்றையும் பி0758 எஸ்2இன் மின்சுற்றையும் சுட்டும்.

ஒட்டுப்போட்ட வயரின் நிறத்தை நம்பவே கூடாது. ஒரு வயரின் அடையாளம் அது சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் துளைதான். உங்கள் எஞ்சினுக்கும் ஆண்டுக்கும் உரிய வயரிங் படத்தை எடுத்துக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கியரைக் கட்டுப்படுத்தும் கணினியின் சாக்கெட்டையும் கியர்பாக்ஸின் சாக்கெட்டையும் பிரித்துவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு துளையாக மல்டிமீட்டரால் தொடர்ச்சி (வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். பார்த்த வயருக்கு அப்போதே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

பிறகு கியர்பாக்ஸ் பக்கத் துளைகளை அளக்க வேண்டும். எஸ்1, எஸ்2, லாக்-அப் சொலினாய்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே 11 முதல் 15 ஓம் வரை காட்டினால் சுருள் நன்றாக இருக்கிறது என்று பொருள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்எல்டி சொலினாய்டு ஏறக்குறைய 5 ஓம்தான் காட்டும், ஆகவே அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள். வேக சென்சார் 560 முதல் 680 ஓம் வரை காட்டும் என்பதால் அதை எளிதில் பிரித்தறியலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அனுபவமுள்ளவர்களும் இதில் விழுவார்கள். எஸ்1உம் எஸ்2உம் ஒரே ஓம் காட்டுவதால், ஒட்டுப்போடும்போது அவை இடம் மாறிவிட்டாலும் மின்சுற்றுக் கோளாறுக் குறியீடு வராது. கணினியைப் பொறுத்தவரை இரண்டு சுருள்களும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் கணினி முதல் கியர் கேட்டால் மூன்றாவது கிடைக்கும், இரண்டாவது மட்டும் சரியாக வரும், மூன்றாவது கேட்கும்போது முதல் கியர் விழுந்து எஞ்சின் அலறும். உங்கள் வண்டி நல்ல வேகத்தில் ஒழுங்காக ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் நான்காவது கியருக்கு எந்த வயரும் தேவையில்லை. சந்தேகம் இருந்தால், பேட்டரி முனையையும் கணினியின் சாக்கெட்டையும் மீண்டும் மாட்டி, கியர்பாக்ஸ் சாக்கெட்டை மட்டும் பிரித்தே வைத்து, சிறிய ஃபியூஸ் வழியாக எஸ்1 என்று நீங்கள் நினைக்கும் துளைக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்து, சமதளமான ஆளில்லாத இடத்தில் ‘டி’யில் மெல்லக் கிளப்பிப் பாருங்கள். சட்டென்று கிளம்பினால் அது எஸ்1, மந்தமாக நகர்ந்தால் எஸ்2. அழுத்த சொலினாய்டுக்கும் மின்சாரம் இல்லாததால் கியர் விழும்போது சற்றுப் பலமாக உதைக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

தொடர்ச்சி காட்டும் வயர் நல்ல வயர் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் கூவும். வயரின் இரு முனைகளும் பிரிந்திருக்கும் நிலையில் ஒரு முனையில் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் கொடுத்து, மறுமுனையில் சிக்னல் விளக்கின் 21 வாட் பல்பை உடலோடு இணைத்துப் பாருங்கள். பல்பு மங்கினால் அந்த வயரை மாற்றத்தான் வேண்டும். உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் இது சாதாரணம்: உரத்தின் உப்பு மழைநீரில் கரைந்து ஒட்டுக்குள் நுழைந்து, உறைக்குள்ளேயே செம்பைப் பச்சையாக்கிவிடும். எலிக் கடியையும் தேடுங்கள். செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்க ஆந்தைப் பெட்டி வைக்கிறார்கள், ஆனால் எந்த ஆந்தையும் வண்டிக்கு அடியில் புகுந்து வேட்டையாடுவதில்லை.

ஒட்டுப்போடும்போது செம்பு பளிச்சென்று தெரியும் வரை பழைய வயரை வெட்டிக்கொண்டே போங்கள். அதிர்வுள்ள இடமாதலால் ஈயப் பற்றவைப்பைவிட, நல்ல இடுக்கியால் நசுக்கி இணைத்து, உள்ளே பசை உள்ள, சூடு பட்டால் சுருங்கும் குழாயால் மூடுவதே மேல். சாதாரண இன்சுலேஷன் டேப் கியர்பாக்ஸ் சூட்டில் இளகிக் கழன்றுவிடும். எல்லா ஒட்டுகளையும் ஒரே இடத்தில் குவிக்காமல் முன்பின்னாகத் தள்ளிப் போட்டு, புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். வேக சென்சாரின் வயரைச் சுற்றியுள்ள உலோக உறையை ஒரே முனையில் மட்டும் உடலோடு இணைக்க வேண்டும். சாக்கெட்டே உடைந்திருந்தால், ஹாஃப்-கட் கடையில் (பழைய வண்டிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடை) அதே மாடலின் சாக்கெட்டை ஒரு முழம் வயரோடு வெட்டி வாங்குங்கள். வெறும் சாக்கெட்டைவிட அதுதான் வேலைக்கு எளிது. சாக்கெட்டுக்குள் சிவப்பு எண்ணெய் தெரிந்தால், கியர்பாக்ஸில் அது செருகும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு குறியீடுகளை அழித்துவிட்டு, எண்ணெயின் அளவைச் சூடான நிலையில் பார்த்து, ஓட்டிச் சோதியுங்கள். ‘எல்’லிலும் வண்டி நகர மறுத்தால் மட்டும், ஃபோர்மேன் சொன்னதைப் பற்றி யோசிக்கலாம், அப்போதும் முதலில் எண்ணெய் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.