பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

என் கிதார் ஆசிரியர் காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் ஒரு விசித்திரமான கிதார் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நைலான் தந்தி பூட்டிய சாதாரண கிளாசிக்கல் கிதார். கையில் வாங்கினால்தான் விஷயம் புரியும். உடல் ஒல்லியாக, ஆனால் கனமாக, ஏறக்குறைய முழுக்கட்டையாக இருக்கும். விரலால் தட்டினால் கதவைத் தட்டுவதுபோல் கேட்கும். ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டால் அப்படியொரு குளிர்ந்த, தெளிந்த நாதம். அவர் மறைந்த பிறகு குடும்பத்தார் அதை விற்றுவிட்டார்கள். யாரிடம் விற்றோம் என்பது இப்போது அவர்களுக்கே நினைவில்லை. செட் அட்கின்ஸ் என்ற பெயர் அதில் இருந்ததாக எனக்கு ஞாபகம். கீழ்விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பெயர்ப்பு இருக்கும். அதைத் தடவிக்கொண்டேதான் பாடம் நடத்துவார்.

மூன்று ஆண்டுகளாகத் தேடுகிறேன். இப்போது ஒருவரிடம் விற்பனைக்கு இருக்கிறது. 1982-இல் வந்த முதல் வரிசை, எதுவுமே மாற்றப்படவில்லை என்கிறார். முன்பக்கப் படங்கள் மூன்றும், தலைப்பகுதியின் பின்புறப் படம் ஒன்றும் அனுப்பினார். அதில் 82764512 என்ற எண் இருக்கிறது. இன்னொருவரிடம் எஸ்.எஸ்.டி. என்ற எழுத்துகளோடு ஒன்று இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரிதான். அதை வாங்கி நைலான் தந்தி பூட்டிக்கொள்ளலாமா? எதை நம்பி வாங்குவது?

இப்படிக்கு,
உங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் கதவைத் தட்டுவதுபோல் என்ற வரியைப் படித்ததுமே அது எந்தக் கிதார் என்று தெரிந்துவிட்டது. அமெரிக்க கிதார் கலைஞர் செட் அட்கின்ஸின் பெயரில் கிப்ஸன் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட சி.இ. ரகம் அது. சி.இ. என்பது கிளாசிக்கல் எலக்ட்ரிக் என்பதன் சுருக்கம். முழுக்கட்டை என்று எல்லோரும் சொல்வார்கள், அது முக்கால் உண்மைதான். மஹோகனிப் பலகையின் உள்ளே சில அறைகளைக் குடைந்து, மேலே ஸ்ப்ரூஸ் பலகையை ஒட்டியிருப்பார்கள். முழுதாக விட்டிருந்தால் இன்னும் கனமாகியிருக்கும். அறைகள் இருந்தும், சாதாரண கிதாரின் வயிறுபோல் அது காற்றை அசைத்துப் பாடாது. இணைப்பு இல்லாமல் வாசித்தால் வாசிப்பவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் மட்டும் கேட்கும். குடமில்லாத வீணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஒன்றைச் செய்தார்கள் என்பது முக்கியம், ஏனென்றால் நீங்கள் எதைச் சோதிக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் வருகிறது. நைலான் கிதாரின் மேல்பலகை மிக மெல்லியது. மேடையில் சத்தத்தைக் கூட்டினால், ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி அந்தப் பலகையையே அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடியும் ஒலிபெருக்கிக்குப் போகும். ஒன்றையொன்று ஊதிப் பெருக்கிக்கொண்டு கடைசியில் ஊளையிடும். கட்டை உடல் அவ்வளவு எளிதில் அதிராது. விரலால் மீட்டும் தன் நைலான் வாசிப்பைப் பெரிய அரங்கில், முழு சத்தத்தில், ஊளை இல்லாமல் கொண்டுபோக வேண்டும் என்பது அட்கின்ஸின் ஆசை. கென்டக்கி மாநிலத்தில் டாம்ப்கின்ஸ்வில் என்ற ஊரிலிருந்த கிதார் கைவினைஞர் ஹாஸ்கல் ஹெய்ல் செய்துகொடுத்த முன்மாதிரிதான் பிறகு கிப்ஸனில் சி.இ. ஆனது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மின்கிதாரில் தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தப் பிக்கப்புக்கு நைலான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. காந்தத்துக்கு இரும்பு வேண்டும். அதனால் இதில் பியஸோ வைத்தார்கள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகம் அது. பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டறிந்த அதே விளைவுதான். சி.இ.யில் ஒவ்வொரு தந்திக்கும், தந்திகளை உடலில் தாங்கும் பிரிட்ஜில் தனித்தனியாக ஒரு பியஸோ, ஆக மொத்தம் ஆறு. பியஸோவிலிருந்து வருவது நேரே நீண்ட கம்பியில் அனுப்ப முடியாத பலவீனமான சமிக்ஞை. அதனால் கிதாருக்குள்ளேயே அதை வலுப்படுத்த ஒரு சிறிய ப்ரீஆம்ப், அதற்கு ஒரு 9 வோல்ட் பாட்டரி. உங்கள் ஆசிரியரின் அந்தக் குளிர்ந்த நாதம் பிறந்த இடம் இது. மரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கிதாரில் பாதி உயிர் பிரிட்ஜுக்கு அடியிலும் பின்மூடிக்கு உள்ளேயும் இருக்கிறது. முன்பக்கப் படங்கள் மூன்றை வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர் கிதாரில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதே ரகக் கிதார் ஒன்றைப் பார்க்க ஒருவர் வீட்டுக்குப் போனேன். மேல்பலகை தேன் நிறத்தில் மினுங்கியது. ஒரு கீறல் இல்லை. அப்போதே பணத்தை எடுத்து வைக்கத் தயாராகிவிட்டேன். இணைத்து வாசித்ததும் ஐந்து தந்திகள் பேசின, நான்காவது மட்டும் பக்கத்து அறையிலிருந்து வாசிப்பதுபோல் கேட்டது. பின்மூடியைத் திறக்கலாமா என்று கேட்டேன். அவர் ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்து தாமே திறந்தார். பழைய பாட்டரி ஒன்று எத்தனையோ ஆண்டுகளாக உள்ளேயே கிடந்து கசிந்திருந்தது. பாட்டரிக் கவ்வியின் பித்தளை தெரியவில்லை, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. அங்கிருந்து செப்புக் கம்பிகளின் உறைக்குள் கறுப்பு ஏறி, மின்சுற்றுப் பலகையின் ஓரம்வரை போயிருந்தது. கம்பியைத் தொட்டதும் ஒன்று கையோடு வந்துவிட்டது. அந்த மனிதருக்கே அது தெரியாது. கிதார் அப்பாவுடையது என்றார். பெட்டியைவிட்டு வெளியே எடுத்ததே இல்லையாம். கீறல் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

எனவே உங்கள் விற்பனையாளரிடம் பின்மூடியைக் கழற்றிப் படம் கேளுங்கள். பாட்டரி இருக்கும் இடம், சாலிடர் வைத்த இடங்கள், பிரிட்ஜிலிருந்து வரும் கம்பிகள். பிறகு ஒரு ஒலிப்பதிவு கேளுங்கள். எதிரொலியோ வேறு மெருகோ இல்லாமல் கிதாரை நேரே பதிவுக்கருவியில் இணைத்து, ஆறு தந்திகளையும் ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாக மீட்டச் சொல்லுங்கள். பாட்டெல்லாம் வேண்டாம். நல்ல வாசிப்பு நிறையக் குறைகளை மூடிவிடும். ஒரு தந்தி மட்டும் தாழ்ந்து கேட்டால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். உள்ளேயிருக்கும் சிறு திருகுகளில் தந்திகளின் அளவைச் சமன்செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த பியஸோவோ அதன் கம்பியோ போயிருக்கலாம். அடுத்து, இணைப்பே இல்லாமல் கழுத்தின் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் (வீணையின் மெட்டுபோல) வாசித்துக் கேட்கவைக்கச் சொல்லுங்கள். கழுத்து வளைந்திருந்தால் அந்த மெல்லிய ஒலியிலேயே இரைச்சல் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அந்த எண். 1977 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கிப்ஸன் எட்டு இலக்க எண்களைப் பயன்படுத்தியது. முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. இடையிலுள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்று, அன்றைய வரிசை எண். உங்கள் எண்ணைப் பிரியுங்கள்: 8, 276, 4, 512. ஆண்டு 1984. அது லீப் ஆண்டு, எனவே 276-ஆவது நாள் அக்டோபர் 2. வரிசை எண் 512. அந்தக் காலத்தில் 500-க்கு மேற்பட்டவை நாஷ்வில் தொழிற்சாலைக்கும், அதற்குக் கீழே உள்ளவை கலமசூவுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. கலமசூ தொழிற்சாலை 1984-இல் மூடப்பட்டது. எல்லாம் பொருந்தி வருகிறது, விற்பவர் சொன்ன 1982 ஒன்றைத் தவிர.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. இந்த ரகம் 1982-இல் வந்தது என்று எங்கோ படித்துவிட்டுத் தன் கிதாருக்கும் அதே ஆண்டைச் சொல்லியிருக்கலாம், இது மிகச் சாதாரணமாக நடப்பது. ஆனால் முதல் வரிசை என்ற பேச்சுக்கு அவர் கூடுதலாகக் கேட்டால் அந்தத் தொகையை நீங்கள் தர வேண்டியதில்லை. எண்ணைப் பிரித்துக்காட்டி அமைதியாகச் சொல்லுங்கள். எதுவும் மாற்றப்படவில்லை என்ற வாக்கையும் பின்மூடிப் படம் வரும்வரை ஏற்காதீர்கள். ப்ரீஆம்ப் மாற்றப்பட்டிருந்தால் அதுவும் எனக்குக் குறையாகப் படாது. சேகரிப்பவருக்கு அது பெரிய நஷ்டம். வாசிக்கப்போகும் உங்களுக்கு, செத்த அசல் பாகத்தைவிட உயிருள்ள மாற்றுப் பாகம் மேல். கழற்றிய பழைய பாகங்களை வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டு அதையும் வாங்கிவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி. பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அது 1987-இல் வந்த எஃகுத் தந்திக் கிதார். நல்ல கருவி, எத்தனையோ பெரிய மேடைகளைப் பார்த்தது. ஆனால் அதன் கழுத்து குறுகியது, கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்கள் மெல்லிய எஃகுத் தந்திக்கு வெட்டியவை, பிரிட்ஜும் எஃகின் இழுவிசைக்காகச் செய்தது. நைலானைப் பூட்டினால் பள்ளத்தில் சரியாக உட்காராது, விரல்களுக்கு இடமும் போதாது. உங்கள் ஆசிரியரின் கை வாகு அதில் ஒருநாளும் வராது.

சி.இ.யிலும் ஒரு கிளை உண்டு. சி.இ.சி. என்ற எழுத்துகளோடு வருவதில் நட்டின் அகலம் 2 அங்குலம், கிளாசிக்கல் கிதாருக்கு உரிய அகலம். சாதாரண சி.இ. அதைவிடச் சற்றுக் குறுகல். உங்கள் விரல்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏதாவது ஒரு கிளாசிக்கல் கிதாரின் கழுத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆசிரியருடையது இதைவிட ஒல்லியா என்று உங்கள் கையையே கேளுங்கள்.

மூன்று ஆண்டுகள் தேடியும் கிடைக்காததற்குத் தேடிய சொல்லும் காரணமாக இருக்கலாம். செட் அட்கின்ஸ் சாலிட் பாடி என்று தேடினால் வந்து நிற்பது 1950-களின் நடுவில் கிரெட்ச் நிறுவனம் அவர் பெயரில் செய்த 6121. காந்தப் பிக்கப், எஃகுத் தந்தி என்று அது வேறு உலகம். சி.இ.யை விற்பவர்கள் பலருக்கு அதை என்னவென்று அழைப்பது என்றே தெரிவதில்லை. அகௌஸ்டிக் பகுதியில் போடுவார்கள், எலக்ட்ரிக் பகுதியில் போடுவார்கள், நைலான் எலக்ட்ரிக் என்று மட்டும் எழுதுவார்கள், பெயரை எழுத்துப் பிழையோடும் எழுதுவார்கள். எல்லா விதத்திலும் தேடுங்கள். கனடாவின் கோடின் நிறுவனத்தின் மல்டியாக் இதே குடும்பத்து யோசனையில் பிறகு வந்தது. வழியில் அது கிடைத்தால் வாசித்துப் பாருங்கள், எனக்கு மிகப் பிடித்த கருவி. ஆனால் உங்கள் தேடலுக்கு அது விடையாகாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் மரத்தைப் பற்றிய கவலை முன்பளவு இல்லை. 2017-இல் எல்லா ரோஸ்வுட் வகைகளும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 நவம்பரிலிருந்து முழுமையான இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் கிடையாது. விற்பவரிடம் மரத்தின் பெயரை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் தேடுவது ஒரு சி.இ.யை அல்ல, அந்தச் சி.இ.யை என்று பட்டது. கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ப்பு உள்ளதை. அது வீண் ஆசை என்று நான் சொல்லமாட்டேன். கிதார்கள் அழிவதில்லை, கைமாறுகின்றன, அவ்வளவுதான். பெயர்ப்பு என்பது கீறல்போல் அல்ல, மெருகு போட்டாலும் விளிம்பின் கோட்டில் தெரிந்துவிடும். இப்போதே ஒரு தாளில் அதை நினைவிலிருந்து வரைந்து வையுங்கள். விளிம்பில் எந்த இடம், எந்தத் திசையில் சாய்ந்தது, உள்ளே மரம் தெரிந்ததா, அரக்கு பூசியிருந்ததா. நினைவு மங்க மங்க, பார்க்கும் பெயர்ப்பெல்லாம் அதுவாகத் தோன்றத் தொடங்கிவிடும்.

பிறகு குடும்பத்தாரிடம் மறுபடி போங்கள். யாரிடம் விற்றீர்கள் என்று கேட்க வேண்டாம், அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. கிதாரைப் பழுதுபார்த்த ரசீது, வாங்கிய பில், காப்பீட்டுக் காகிதம் ஏதாவது பழைய கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் எட்டு இலக்க எண் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. எண் கிடைத்துவிட்டால் தேடல் வேறு மாதிரி ஆகிவிடும். கிதாரைப் பழுதுபார்ப்பவர்கள் தங்கள் கைக்கு வரும் இந்த மாதிரிக் கருவிகளை எளிதில் மறப்பதில்லை. அந்த எண்ணோடும் பெயர்ப்பின் படத்தோடும் அவர்களிடம் போய்க் கேட்கலாம்.

மேடையில் அவர் வாசித்தபோது எடுத்த ஒளிப்படங்கள் மாணவர்கள் யாரிடமாவது நிச்சயம் இருக்கும். எல்லோருக்கும் எழுதுங்கள். முகம் விழுந்த படத்தைத்தான் எல்லோரும் பத்திரப்படுத்தியிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, அவர் எழுந்து வணங்கியபோதோ கிதாரைத் தாங்கியில் வைத்தபோதோ எடுத்த படம். கீழ்விளிம்பு தெரிகிற ஒன்று கிடைத்தால், அதை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இங்கே என்னிடம் பழுதுபார்க்கச் சொல்லி வரும் கிதார்களின் விளிம்பை நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்.