இரு சக்கரக் கேள்வி பதில்: கப்சாயில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு உபின் போகலாமா?

கேள்வி: என்னிடம் 125 சிசி கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) இருக்கிறது, 14 கிலோவில் ஒரு மவுண்டன் பைக்கும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு சாங்கி போய், படகேறி புலாவ் உபின் தீவில் ஓட்ட ஆசை. கார் வாங்கும் நிலையில் இல்லை. பெட்டி மாட்டும் பின் தட்டில் இரும்புக் குழாய் பொருத்தி, சைக்கிளைக் குறுக்காக நிறுத்துவதுபோல் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். தாங்குமா அண்ணே?
வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

குழாய் தாங்கும் தம்பி. என் கவலையெல்லாம் நீங்கள் அதைப் பொருத்தியிருக்கும் இடம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சைக்கிள் 14 கிலோ, இரும்புச் சட்டம் 5 கிலோ, மொத்தம் 19. உங்கள் படத்தின்படி இந்த எடை பின் சக்கர அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் நிற்கிறது. கப்சாயின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 125 செ.மீ. அப்படியானால் சீசா பலகை மாதிரி, முன் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தில் 9 கிலோவை அது தூக்கிவிடும், பின் சக்கரம் 28 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கும். ஏற்கெனவே முன்பக்கம் லேசான வண்டி அது. மழையில், பள்ளத்தில், வளைவில் முன் சக்கரம் மிதப்பது போல இருக்கும், பிரேக் பிடித்தால்கூட நம்பிக்கை வராது. அப்புறம் அகலம். மவுண்டன் பைக் நீளம் கிட்டத்தட்ட 175 செ.மீ., முன் சக்கரத்தைக் கழற்றினாலும் 140 செ.மீ.க்குக் குறையாது. கப்சாயின் அகலம் 70 தான். கண்ணாடியில் பார்த்து இடம் இருக்கிறது என்று புகுந்தீர்களானால் பக்கத்து காரின் கதவில் கோடு போட்டுவிட்டுத்தான் வெளியே வருவீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன்பு நானே பின் தட்டில்தான் மாட்டினேன். குழாய் 1.2 மி.மீ. கனம், நண்பர் ஒருவர் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் வண்டியைக் கழுவும்போது வெல்டிங் ஓரத்தில், பெயிண்ட் மேல் முடி ஒட்டியிருப்பது போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. அதிலிருந்து பழுப்பாகத் துரு வழிந்து காய்ந்திருந்தது. குழாயைக் கையால் ஆட்டிப் பார்த்தால் கோடு திறந்து திறந்து மூடுகிறது! அதே சட்டத்தோடு அதற்கு முந்தின வாரம்தான் தெம்பனிஸ் விரைவுச்சாலையில் 80ல் வந்திருந்தேன். என் பின்னால் வந்தவர் யாரோ, அவருக்கு நல்ல நேரம்.

சரி, எங்கேதான் மாட்டுவது? வண்டியின் இடப்பக்கம், நீளவாக்கில். முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) நுனி பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இடத்துக்கு மேலே வரட்டும், சைக்கிளின் பின் சக்கரம் வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொள்ளட்டும். எடை பின் அச்சுக்குப் பக்கத்திலேயே விழும், முன் சக்கரம் பிழைக்கும். ஏன் இடப்பக்கம் என்றால், கப்சாயின் சைலன்சர் வலப்பக்கம், அதன் சூட்டில் டயர் உருகிவிடும். நம்மை முந்திப்போகும் வண்டிகளும் பெரும்பாலும் வலப்பக்கம்தான். இதற்கும் ஒரு விலை உண்டு. 19 கிலோ நடுக்கோட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால், உங்களையும் வண்டியையும் சேர்த்த மொத்த எடையின் மையம் ஏறக்குறைய 4 செ.மீ. இடப்பக்கம் நகரும், நேராகப் போகவே உடம்பைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்க்க வேண்டியிருக்கும். பத்து நிமிடத்தில் பழகிவிடும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைக் காலியான கார் நிறுத்துமிடத்தில் கழியுங்கள். சைக்கிளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நடு ஸ்டாண்டுதான். பக்க ஸ்டாண்டில் விட்டால் வண்டி அப்படியே இடப்பக்கம் படுத்துக்கொள்ளும்.

சட்டத்துக்கு 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. கனம். மீட்டருக்கு ஒன்றரை கிலோ கிட்ட வரும், மூன்று மீட்டர் போதும். வண்டியோடு மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும், மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது: சீட்டுக்குப் பின்னால் கைப்பிடி போல்ட் இரண்டு, கீழே பின் ஆள் கால்மிதி போல்ட் ஒன்று. (பின் ஆள் கிடையாது என்று சொல்லத் தேவையில்லை அல்லவா?) சிலர் கீழ்க் காலைப் பின் சக்கரத்தின் ஸ்விங் ஆர்மில் கட்டுகிறார்கள். அது மேலும் கீழும் ஆடும் பாகம், சட்டம் ஆடாத பாகம், ஒரே வாரத்தில் எது முந்திக்கொண்டு உடையும் என்பதுதான் போட்டி. வண்டிச் சட்டத்தில் துளை போடாதீர்கள், நேரடியாக வெல்டிங்கும் வேண்டாம். எல்லாம் போல்ட்டில் இருக்கட்டும், எட்டு மி.மீ. போல்ட், நைலான் வளையம் வைத்த நட்டு. சட்டத்தின் மூலைகளில் முக்கோணத் தகடு வைக்கச் சொல்லுங்கள், விரிசல் எப்போதும் மூலையில்தான் தொடங்கும்.

கட்டுவதற்குக் கொக்கி போட்ட ரப்பர் கயிறு மட்டும் போதாது, அது இழுபட்டால் நீளும். நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு போடுங்கள், மீந்த நுனியைச் சுருட்டி முடிச்சுப் போடுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் செயினைத் தேடிப் போகும். ஹேண்டில்பாரைத் திருப்பி, பழைய ட்யூபை வெட்டிக் கட்டுங்கள். பெடல் இரண்டையும் கழற்றுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்த்திசை, தெரியாமல் பலம் போட்டால் இன்னும் இறுகும். ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, எல்லாப் பெல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டுமா? போலீஸ் பிடிக்குமா?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பின்விளக்கு, சிக்னல், நம்பர் பிளேட் மூன்றும் மறையக் கூடாது. பக்கவாட்டில் மாட்டினால் பிளேட் தப்பிக்கும், ஆனால் இடது சிக்னலை சைக்கிளின் பின் சக்கரம் மறைத்துவிடும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டில் யாரையாவது பத்து மீட்டர் பின்னால் நிற்கச் சொல்லி, சிக்னலைப் போட்டுக் காட்டுங்கள், ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் நடந்து பார்க்கட்டும். இரும்புச் சட்டத்தை அடிக்கும் முன்பே அதன் படத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள். மூன்று வயது தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு, அன்றைக்குக் கழற்றி வைக்கத் தோதாகச் சட்டத்தைச் செய்துகொண்டால் தலைவலி குறையும்.

கேள்வி: அலுமினியம் லேசாக இருக்குமே, இரும்பு எதற்கு?
வாசகர், தெம்பனிஸ்

லேசுதான். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் அலுமினியம் பலம் குறைந்துவிடும், அதிர்வு தொடர்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். இரும்பு முதலில் வளையும், துரு காட்டும், நமக்கு நேரம் கொடுக்கும். நம் ஊர் மழைக்கு இரண்டு கோட் பிரைமர் அடித்து, குழாயின் திறந்த முனைகளை மூடிவிடுங்கள்.

கேள்வி: மடக்கு சைக்கிள் வாங்கினால் இந்த வேலையே இல்லையே?
வாசகி, செங்காங்

இல்லைதான். மடக்கியபின் 120 செ.மீ. நீளம், 70 உயரம், 40 அகலத்துக்குள் அடங்கினால் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் எந்நேரமும் கொண்டுபோகலாம், மோட்டார் சைக்கிளே வேண்டாம். ஆனால் சின்ன சக்கரத்தோடு உபினின் கெத்தாம் மவுண்டன் பைக் பாதையில் இறங்கிவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

கேள்வி: என் கணவர் உங்கள் பத்தியைப் படித்துவிட்டு, வீட்டு வாசல் தாழ்வாரத்தில் வெல்டிங் வைக்கப் போவதாகச் சொல்கிறார். தடுப்பது எப்படி?
வாசகி, பொங்கோல்

அக்கா, பக்கத்து வீட்டுக் குழந்தை அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் கண் என்ன ஆகும் என்று கேளுங்கள், மாடிக்கு மாடி காயும் துணியில் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அவர் கை சும்மா இருக்காது என்றால் பிவிசி குழாயில் மாதிரி செய்து வண்டியில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அளவு சரியாக வந்ததும் அந்த மாதிரியையே ஊபி, காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் காட்டி இரும்பில் அடித்து வாங்கிக்கொள்ளட்டும். அதற்கும் முன்னால் ஒரு ஞாயிறு இரண்டு பேருமாக சாங்கி போங்கள். படகில் 12 பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள், உபின் படகுத்துறையில் இறங்கினால் வாடகை சைக்கிள் கடைகள் வரிசையாக நிற்கும். ஒரு நாள் முழுக்க மிதித்துவிட்டு வந்த பிறகும் மறுநாள் காலையில் அவர் குழாய் வாங்கக் கிளம்பினால், போகட்டும், விட்டுவிடுங்கள்.