மோல் என்பதை எந்தச் சோதனை மூலம் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்?

ஒரு டஜன் என்றால் 12 என்பதுபோல, ஒரு மோல் என்றால் 6.022×10²³ துகள்கள் (அணுக்கள், மூலக்கூறுகள்) என்று மனப்பாடம் செய்தும் மோல் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணைக் கற்பனை செய்து பார்க்கவே முயலாதீர்கள். யாராலும் முடியாது, தேவையும் இல்லை. எனக்கு அது புரிந்தது பதினொன்றாம் வகுப்பில் மயில்துத்தத்தைச் சூடாக்கியபோதுதான்.

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் படிகம், தொட்டால் ஈரமே இருக்காது. ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. சின்னப் பீங்கான் கிண்ணத்தில் 5.00 கிராம் எடுத்து மெதுவாகச் சூடாக்கினால் ஓரத்திலிருந்து நீலம் வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கோலமாவு மாதிரி வெள்ளைப் பொடி நிற்கும். ஆறவைத்து நிறுத்தால், பிசகில்லாமல் செய்திருந்தால், 3.20 கிராம். ஆவியாகப் போன தண்ணீர் 1.80 கிராம்.

கிராமாகப் பார்த்தால் இந்த இரண்டு எண்களும் எதையும் சொல்லாது. 1.80-ஐத் தண்ணீரின் மோல் நிறையான (ஒரு மோலின் எடை, கிராமில்) 18-ஆல் வகுங்கள்: 0.1 மோல். 3.20-ஐ வெள்ளைப் பொடியின் மோல் நிறையான 159.6-ஆல் வகுங்கள்: 0.02 மோல். 0.1 என்பது 0.02-ஐப் போல ஐந்து மடங்கு. அதாவது ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து தண்ணீர்! கண்ணுக்கே தெரியாத மூலக்கூறுகளைத் தராசை வைத்து எண்ணிவிட்டோம். ஆணிக் கடையில் ஆணியை எண்ணாமல் நிறுத்துக் கொடுப்பார்களே, அதே வேலைதான். மோலுக்கான பழைய வரையறையும் எடையில்தான் இருந்தது: 12 கிராம் கார்பன்-12-இல் (கார்பனின் ஒரு வகை) எத்தனை அணுக்களோ அத்தனை. 2019 மே மாதம் முதல்தான் 6.02214076×10²³ என்று எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள்.

வகுப்பில் எல்லாருக்கும் சரியாக 5 வராது. நாலரை, நாலே முக்கால் என்றுதான் வரும். அதற்கும் காரணம் உண்டு. நான்கு தண்ணீர் சுலபமாகப் போய்விடும், ஐந்தாவது மட்டும் 200 டிகிரியை ஒட்டித்தான் கிளம்பும். அவசரப்பட்டு அடுப்பை அணைத்தால் மாட்டிக்கொள்வோம். அதிகமாகச் சூடாக்கினாலும் வம்பு. பொடி கறுத்து நச்சுப்புகை வரும். ஆறும்போது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் சூடாக்கி, ஆறவைத்து, நிறுத்து, எடை மாறாத வரை திரும்பச் செய்ய வேண்டும்.

மயில்துத்தம் விஷம், வீட்டில் வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் செய்து முடித்ததும், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட் படிகம், இதற்குள்ளும் தண்ணீர் உண்டு) கிடைக்குமா என்று கேளுங்கள். அதில் எத்தனை தண்ணீர் என்று புத்தகத்தைப் பார்க்காமல் கண்டுபிடித்துப் பாருங்கள்.