பலூனுக்கு ஏது ஓட்டுநர்?

கேள்வி: ஏப்ரலில் குடும்பத்தோடு துருக்கி போகிறோம். கப்படோசியாவில் வெப்பக்காற்று பலூனில் ஏறியே தீருவேன் என்று மகள் அடம்பிடிக்கிறாள். யூடியூபில் விபத்து வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. 'ஓட்டுநர் அனுபவசாலியாக இருந்தால் பயமே இல்லை' என்கிறார் டிராவல்ஸ்காரர். நம்பலாமா? 68 வயது அம்மாவும் கூட வருகிறார்.
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அந்த டிராவல்ஸ்காரரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: பலூனில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது?

பலூனை யாரும் ஓட்டுவதில்லை. ஏற்றுவார்கள், இறக்குவார்கள், அவ்வளவுதான். பர்னரைத் திறந்தால் புரொப்பேன் எரிந்து உள்ளே காற்று சூடாகும், ஏறும். கயிற்றை இழுத்து உச்சியில் இருக்கும் துணி மூடியைத் திறந்தால் சூடு வெளியேறும், இறங்கும். இடது, வலது எல்லாம் காற்றின் இலாகா. ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் போகும். எந்த உயரத்துக்குப் போனால் நமக்குத் தோதான காற்று கிடைக்கும் என்று மோப்பம் பிடித்து ஏறி இறங்குவதுதான் பைலட்டின் வித்தை. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால் நம் ஊர்த் தலைவர்கள் செய்வதும் இதுவே. அவர்களையும் ஓட்டுநர் என்று யாரும் சொல்வதில்லை.

ஓட்டுநர் இல்லாத வான ஊர்தி என்று எழுதியதுமே புதுக்கோட்டை வாசகர் ஒருவர் போஸ்ட் கார்டை எடுத்திருப்பார். மூன்று வருஷமாக நடக்கும் சண்டை இது. புறநானூற்று 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. ஆகவே ஆளில்லா விமானத்தைக் கண்டுபிடித்தவன் தமிழன். இதை ஏன் அட்டைப்படக் கட்டுரையாகப் போடவில்லை என்பது அவர் கட்சி. ஐயா, பாட்டை முழுசாகப் படியுங்கள். அந்த ஊர்தி யாருக்கு வருகிறது? செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்து, புலவர் வாயால் பாடப்பட்டு, செத்துப்போனவர்களுக்கு வருகிறது. அது ஒருவழிப் பயணம். திருப்பூர் வாசகி கேட்பது ரிட்டர்ன் டிக்கெட்.

தமிழுக்குப் பெருமைதான் வேண்டும் என்றால் வேறொரு சொல் தருகிறேன். என் தாத்தா 'பலூன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அது புகைக்கூண்டு. திருவிழாவில் வர்ணக் காகிதங்களை ஒட்டி, அடியில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி மேலே விடுவார்கள். 1783இல் பிரான்சில் அன்னோனே என்ற ஊரில் மோன்கோல்ஃபியே சகோதரர்கள் முதல் பலூனை ஊரறிய விட்டபோது, தூக்குவது புகைதான் என்று நம்பினார்கள். அதனால் ஈர வைக்கோலையும் கம்பளியையும் போட்டு எரித்தார்கள். தூக்கியது புகை இல்லை, சூடு. ஆனால் அந்த அண்ணன் தம்பி செய்த அதே தப்பு நம் சொல்லுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! எங்கள் மெய்ப்புத் திருத்துநர் இதைப் 'புகைபோக்கி' என்று ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுகிறார். இந்த முறையும் கை வைத்தால் நடப்பதே வேறு. ஆனால் பாவம், கப்படோசியாவுக்கு அதுவும் பொருந்தும். அங்கே கூம்பு கூம்பாக நிற்கும் எரிமலைச் சாம்பல் பாறைகளை ஊர்க்காரர்கள் தேவதைப் புகைபோக்கிகள் என்றுதான் சொல்கிறார்கள். புகைபோக்கிக்கு மேலே புகைக்கூண்டு!

உங்களுக்கு முன்னால் தூக்கம் போனவர் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி. மேலே போனால் மனிதன் பிழைப்பானா என்று அவருக்குச் சந்தேகம். 1783 செப்டம்பர் 19, வெர்சாய் அரண்மனை. ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல், மூன்றையும் கூண்டில் வைத்து ஏற்றினார்கள். நம் பக்கத்துக் கறிக்கடைப் பலகை மாதிரி இருக்கிறது, ஆனால் பின்னால் கணக்கு உண்டு. வாத்து எப்படியும் உயரப் பறக்கும். சேவலுக்கு இறக்கை உண்டு, உயரம் பழக்கமில்லை. ஆடு கிட்டத்தட்ட நம்மைப் போல. எட்டு நிமிஷம் பறந்து மூன்றும் உயிரோடு இறங்கின. சேவலுக்கு மட்டும் இறக்கையில் அடி. ஆகாயத்துக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பெரியவர்கள் கூடிக் கவலைப்பட்டார்கள். விசாரித்தால், ஆடு உதைத்ததாம்! நம் ஊராக இருந்தால் ஒரு நபர் கமிஷன் போட்டு, ஐந்து முறை பதவிக்காலம் நீட்டித்து, அறிக்கை வருவதற்குள் ஆடு பிரியாணி ஆகியிருக்கும். அங்கே ஆட்டை அரசர் வீட்டு மிருகக் கூடத்தில் வைத்துக் கொண்டாடினார்கள். அடுத்து மரண தண்டனைக் கைதிகளை ஏற்றலாம் என்று மன்னர் யோசித்தபோது, இந்தப் பெருமை போயும் போயும் கைதிக்கா என்று கேட்டுத் தானே ஏறியவர் பிலாத்ர் து ரோசியே. இரண்டே வருஷத்தில், 1785 ஜூனில், ஆங்கிலக் கால்வாயைத் தாண்டப் பார்த்து பலூனோடு விழுந்து செத்தவரும் அவர்தான். ஹைட்ரஜன் பலூனுக்குக் கீழே அடுப்பை மூட்டிய வினோதக் கலவை அவருடையது.

உயரம் ஆளைக் கொல்வதில்லை. கம்பி, காஸ், அவசரம் இந்த மூன்றும்தான். 2016இல் அமெரிக்காவில் டெக்சாஸின் லாக்ஹார்ட் அருகே பலூன் மின்கம்பியில் மோதி 16 பேர் போனார்கள். கப்படோசியாவிலேயே 2013 மே மாதம் மேலே இருந்த பலூனின் கூடை, அதற்குக் கீழே இருந்த பலூனின் துணியைக் கிழித்தது. தலைக்கு மேலே இருப்பது பைலட்டுக்குத் தெரியாது. பெரிய துணி மறைக்கும்.

எகிப்தின் லக்சரில் 2013 பிப்ரவரி 26 நடந்ததுதான் என்னை உலுக்கியது. பலூன் பத்திரமாகச் சுற்றிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தரைக்குப் பக்கத்தில் காஸ் குழாய் கசிந்து தீப்பிடித்தது. பைலட்டும் ஒரு பயணியும் குதித்துத் தப்பினார்கள். ஆனால் பலூனுக்குத் தெரிந்தது ஒரே கணக்கு: எடை குறைந்தது, சூடு கூடியது. மறுபடி மேலே ஏறி, கரும்புத் தோட்டத்தில் விழுந்தது. இருந்த 21 பேரில் 19 பேர் போனார்கள்.

விமானம் ரன்வேயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து பெட்டியை இறக்கும் நம் ஆட்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! 'சார் வேற வேலை இல்லையா' என்று கடிதம் போட்டவர்களுக்கு: பலூனில் அது வெறும் அநாகரிகம் இல்லை. கூடை தரையைத் தொட்டதும் ஒருத்தர் குதித்தால் அவருடைய எழுபது கிலோவும் போகும். மீதிப் பேரைத் தூக்கிக்கொண்டு பலூன் கிளம்பிவிடும். பைலட் பெயர் சொல்லி இறக்கும் வரை அசையக் கூடாது.

ஏழு வருஷம் முன்னால் அங்கே நானும் ஏறினேன். விடியற்காலை நாலரைக்கு வேன். குளிரில் பல் தந்தியடிக்கிறது. முதலில் பெரிய ஃபேன் வைத்துத் தரையில் கிடந்த துணிக்குள் காற்றடித்தார்கள், பிறகு பர்னர். என்னைப் போல வழுக்கை என்றால் தொப்பி கட்டாயம். பர்னர் சீறும் ஒவ்வொரு முறையும் உச்சந்தலையில் இஸ்திரி போட்டது போல இருக்கிறது. மேலே போனதும் ஆச்சரியம், கொஞ்சம்கூடக் காற்றே வீசவில்லை. காற்றோடு காற்றாக நாமும் போகிறோம், வீசுவது எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்ற பெண்ணின் சால்வை நுனி அசையவில்லை. கீழே ஏதோ ஒரு வீட்டு நாய் குரைப்பது காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

இறங்குவது வேறு கதை. முழங்காலை மடக்கி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி, கூடைக்குள் இருக்கும் கயிற்றுப் பிடியைப் பிடிக்க வேண்டும். நான் போன கம்பெனியில், காபி ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில், முப்பது விநாடியில் இதை ஒப்பித்துவிட்டுப் போய்விட்டார்கள். விளைவு, இரண்டு முறை தரையில் குதித்த கூடை சாய்ந்து கொஞ்ச தூரம் இழுபட்டபோது, ஆறடி கொரியர் ஒருவர் என் மேல் சாவகாசமாகப் படுத்திருந்தார். அவர் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இடது முட்டி இன்னும் மழைக்கு முன்னால் தகவல் சொல்கிறது.

ஆகவே டிராவல்ஸ்காரரிடம் அனுபவம் பற்றிக் கேட்காதீர்கள். காற்று சரியில்லை என்று ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வருமா என்று கேளுங்கள். தினமும் விடியற்காலை பறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது அந்த நாட்டு விமானத்துறை அதிகாரிகள். 'அதெல்லாம் ரத்தாகவே ஆகாது மேடம்' என்று ஒருவர் சொன்னால் அவரை ரத்து செய்துவிடுங்கள். பலூனை முதல் நாள் காலைக்கே போடுங்கள், ரத்தானால் இரண்டாம் நாள் கையில் இருக்கும். டிராவல் இன்சூரன்ஸில் பலூன் சேர்த்தியா என்று பாலிசியின் பொடி எழுத்தைப் படியுங்கள். மகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள்.

அம்மா வேண்டாம். கூடையின் விளிம்பு நெஞ்சு உயரம். பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகளில் கால் வைத்து ஏறிக் குதிக்க வேண்டும். உள்ளே ஒரு மணி நேரம் நின்றபடிதான். அவருக்கு ஹோட்டல் மொட்டை மாடியில் ஒரு நாற்காலியும், டம்ளரில் டீயும் சொல்லிவிடுங்கள். விடியும்போது எல்லாப் புகைக்கூண்டும் ஒன்றாக எழும்புவதை அவர்தான் முழுசாகப் பார்ப்பார். நீங்கள் எந்தப் பலூனில் இருக்கிறீர்கள் என்று மட்டும் நிறம் சொல்லிவிட்டுப் போங்கள்.