ஏசியை எந்தச் சுவரில் மாட்டலாம்?

கும்பகோணத்தில் புது வீடு, எந்தச் சுவரில் ஏசியை மாட்டினால் அறையின் குளிர் செட் செய்த அளவில் சரியாக நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்பிளிட் ஏசியின் சென்சார் உள்ளே, காற்றை இழுக்கும் பக்கத்தில், சின்ன மணி போல இருக்கும். தன்னைத் தொடும் காற்றின் வெப்பத்தை மட்டும்தான் அது அளக்கும். கட்டிலில் படுத்திருப்பவரைப் பற்றி அதற்குத் தெரியாது.

அதனால் மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். சித்திரை மாதம் மாலை ஆறு மணிக்கு அதன் உட்பக்கம் கை வைத்துப் பாருங்கள், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்! நாங்கள் அங்கேதான் மாட்டினோம். 24-ல் வைத்தும் கம்ப்ரசர் ஓயவே இல்லை. சூடான காற்று மேலே தேங்கும், ஆகவே கூரையை ஒட்டியும் மாட்டாதீர்கள்.

அப்புறம், சில மாடல்களில் ரிமோட்டிலும் சென்சார் உண்டு. அந்த வசதியைப் போட்டால் ரிமோட்டைக் கட்டிலருகே, ஏசியைப் பார்த்தபடி வையுங்கள். டிவி மேல் வேண்டாம்.