தேத்தண்ணிக்கும் பட்ஜெட் போடுங்கள்

வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து சமூகங்களை இணைக்கும் டிஜிட்டல் திட்டங்களுக்கு புரொபோசல் எழுதியும் கணக்குக் காட்டியும் எனக்குப் பதினொரு வருடம் போய்விட்டது. அதைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

திருகோணமலையிலிருந்து: அக்கா, 'பீஸ் பிளஸ்' நிதிக்கு நாங்களும் விண்ணப்பிக்கலாமா?

இல்லைத் தம்பி. அது வட அயர்லாந்துக்கும், அயர்லாந்துக் குடியரசின் ஆறு எல்லைக் கவுண்டிகளுக்கும் மட்டும். அங்கே இரு தரப்பு ஆயுதக் குழுக்களும் 1994இல் போர்நிறுத்தம் அறிவித்தன, அடுத்த வருடமே ஐரோப்பிய ஒன்றியம் 'பீஸ்' நிதியைத் தொடங்கியது. இப்போது நடப்பது ஐந்தாவது சுற்று. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய (பிரெக்சிட்) பிறகும் பிரிட்டன் தன் பங்கைப் போடுகிறது. மொத்தம் 110 கோடி யூரோவுக்கு மேல். இலங்கையில் என்றால் கனடா, ஆஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயங்களின் சிறு நிதிகளிலிருந்து தொடங்குங்கள். நிதி தரும் ஒரே டோனரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 2025இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எயிட் இழுத்து மூடப்பட்டதைப் பார்த்தோம்தானே.

மட்டக்களப்பு ஆசிரியை ஒருவர்: ஒரு தமிழ்ப் பாடசாலையையும் ஒரு சிங்களப் பாடசாலையையும் வீடியோவில் இணைத்துவிட்டால் போதுமா?

போதாது டீச்சர். வட அயர்லாந்தில் இன்னும் பத்தில் ஒரு பிள்ளைகூட இரு தரப்பும் சேர்ந்து படிக்கும் 'ஒருங்கிணைந்த' பள்ளிகளில் இல்லை. அந்த வகையில் முதல் பள்ளியான லகன் கல்லூரி 1981லேயே திறக்கப்பட்டும் இதுதான் நிலைமை. பிரிந்து படிக்கும் பிள்ளைகளை வேறு வழியில் இணைக்க 1999இல் 'எல்லைகளைக் கரைத்தல்' என்ற திட்டம் வந்தது. வட அயர்லாந்தில் ஒரு வகுப்பு, எல்லைக்குத் தெற்கே அயர்லாந்துக் குடியரசில் ஒரு வகுப்பு என்று சோடி சேர்த்து, வீடியோவிலும் மூடுல் என்ற இணைய வகுப்பறை மென்பொருளிலும் ஒரே பாடத்தை ஒன்றாகச் செய்ய வைத்தார்கள். அல்ஸ்டர், மேனூத் பல்கலைக்கழகங்கள் நடத்தின, இரு பக்கக் கல்வித் திணைக்களங்களும் செலவு செய்தன.

அதில் நான் படித்துக்கொண்ட பாடம் கணினியைப் பற்றியது இல்லை. பிள்ளைகள் திரையில் சந்திக்கும் முன்னர் ஆசிரியர்கள் நேரில் சந்தித்து, கூட இருந்து, என்ன செய்யப்போகிறோம் என்று பேசி முடித்துவிடுவார்கள். ஒரு பக்கத்து ஆசிரியர் சோர்ந்தால் அந்தச் சோடியே படுத்துவிடும். நான் வேலை செய்த சிறு திட்டமொன்றில் முதல் வீடியோ அழைப்பில் இரண்டு வகுப்பும் ஊமையாக இருந்தது. பிறகு ஒரு பையன் தன் நாய்க்குட்டியின் படத்தைத் தூக்கிக் காட்டினான். அங்கிருந்து மூன்று நாய், ஒரு ஆமை வந்தன. ரிப்போர்ட்டில் அந்த ஆமையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஆசிரியர்களின் நேரம், பஸ் காசு, தேத்தண்ணி, மொழிபெயர்ப்பாளர் கூலி எல்லாவற்றையும் பட்ஜெட்டில் வெட்கப்படாமல் போடுங்கள். டேப்லெட் எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை.

சென்னையில் மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்: நல்ல ஆப் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதானே?

ஆப்பில் 'ஊர்' என்றொரு தேர்வுப் பட்டியல் வைப்பீர்கள். வட அயர்லாந்தில் ஒரே நகரத்தைக் கத்தோலிக்கர் பெரும்பாலும் டெரி என்பார்கள், புரட்டஸ்தாந்தினர் லண்டன்டெரி என்பார்கள். பட்டியலில் எதைப் போடுவீர்கள்? ஒன்றைப் போட்டால் மற்றத் தரப்பு அந்தப் பக்கத்திலேயே மூடிவிட்டுப் போகும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆகும் மூன்று கூட்டச் செலவு உங்கள் கொட்டேஷனில் இருக்கிறதா?

யாழ்ப்பாணத்திலிருந்து: இரு தரப்பு முதியவர்களின் போர்க்கால நினைவுகளைப் பதிவுசெய்து இணையத்தில் வைக்க நினைக்கிறோம். டோனர் ஆர்வமாக இருக்கிறார்.

டோனரின் ஆர்வத்துக்கு முன்னர் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியின் கதையைப் படியுங்கள். 2001இல் தொடங்கி, அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்று போரிட்ட ஐஆர்ஏ, பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற லோயலிஸ்ட் ஆகிய இரு தரப்பு ஆயுதக் குழு ஆட்களின் வாய்மொழியைப் பதிவுசெய்தார்கள். நீங்கள் இறக்கும்வரை வெளியே வராது என்பது வாக்குறுதி. 2011இல் வட அயர்லாந்துப் பொலிசுக்காகப் பதிவுகளைக் கேட்டு அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தது. வழக்காடிப் பார்த்தும் சில ஒலிநாடாக்களைக் கொடுக்க வேண்டியதாயிற்று. திட்ட இயக்குநரின் ஒப்பந்தத்தில் 'அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' என்று ஒரு வரி இருந்தது. பேசியவர்கள் கையெழுத்திட்ட தாளில் அந்த வரி இல்லை.

சம்மதப் படிவத்தைச் சட்டத்தரணியிடம் காட்டும் செலவு முதல் வரியிலேயே இருக்கட்டும். யார் எந்தக் கட்டத்தில் தன் பதிவைத் திரும்பப் பெறலாம் என்பதையும் எழுதுங்கள். காப்பாற்ற முடியாத பெயரைப் பதிவே செய்யாதீர்கள்.

வவுனியாவிலிருந்து: நிர்வாகச் செலவு எவ்வளவு கேட்கலாம்?

'பீஸ்' போன்ற ஐரோப்பிய ஒன்றிய நிதிகளின் விதிப்படி நேரடி ஊழியர் செலவில் 15 வீதம்வரை, கணக்குக் காட்டாமலே, மறைமுகச் செலவாக எடுக்கலாம். மற்ற டோனர்களிடம் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். பெரிய தலைவலி வேறு: நீங்கள் செலவழித்து, பற்றுச்சீட்டு காட்டிய பிறகே காசு வரும் திட்டங்கள் நிறைய. எங்கள் பிஸ்கட் பற்றுச்சீட்டில் கடைக்காரர் அமைப்பின் பெயரை எழுதவில்லை என்று ஒரு கணக்காய்வாளர் அதைத் தள்ளிவிட்டார். அதற்கு நடந்த கடிதப் போக்குவரத்தின் தபால் செலவு பிஸ்கட்டைவிட அதிகம். முற்பணம் உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்னரே கேளுங்கள்.

அதே மட்டக்களப்பு டீச்சர்: நிதி முடிந்த பிறகு?

'எல்லைகளைக் கரைத்தல்' பதினைந்து வருடம் ஓடியது. 2014இல் நிதி நின்றது, திட்டமும் நின்றது. உங்கள் இணையதளத்தின் டொமைன், அதாவது இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள் டீச்சர். பெரும்பாலும் வேலையை விட்டுப்போன ஒரு தம்பியின் பெயரில் இருக்கும்.