சிலிக்கான் ஏன் ஒளிர்வதில்லை? ஆற்றல் பட்டைகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், சிலிக்கான் அணுவின் வெளி எலக்ட்ரான்கள் இருக்கும் 3எஸ், 3பி ஆற்றல் நிலைகளில், 3எஸ் நிலைகள் இணைதிறன் பட்டையாகவும் (எலக்ட்ரான்கள் நிரம்பிய கீழ்ப் பட்டை) 3பி நிலைகள் கடத்துப் பட்டையாகவும் (எலக்ட்ரான்கள் ஏறினால் மின்சாரம் கடத்தும் மேல் பட்டை) மாறுகின்றன என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள், கணக்கு உதைக்கும். 3பி-யில் அணுவுக்கு ஆறு இடங்கள், எலக்ட்ரான்களோ இரண்டுதான். பாதிகூட நிரம்பாத பட்டை என்றால் சிலிக்கான் உலோகமாக அல்லவா இருக்க வேண்டும்? அணுக்கள் நெருங்கும்போது எஸ்ஸும் பியும் கலந்துவிடுகின்றன. அணுவுக்கு எட்டு இடங்களில் நான்கு பிணைப்பு நிலைகளாகக் கீழே இறங்குகின்றன, நான்கு எதிர்ப்பிணைப்பு நிலைகளாக மேலே ஏறுகின்றன. இருக்கிற நான்கு எலக்ட்ரான்களும் கீழ்ப் பட்டையை நிரப்பிவிட, மேல் பட்டை காலி. அறை வெப்பநிலையில் நடுவே 1.12 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி.

கேள்வி: அறையின் வெப்ப ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட்தானே? 1.12-ஐ எப்படித் தாண்டுகிறது?

பதில்: 0.026 என்பது வெப்ப ஆற்றலின் அளவுகோல், உச்சவரம்பு அல்ல. மிகச் சில எலக்ட்ரான்கள் தாண்டும்: கன செ.மீ.க்கு சுமார் ஆயிரம் கோடி. அணுக்கள் 5×10²² என்பதால் இது அற்பம். எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) சோடியாகவே பிறப்பதால், எண்ணிக்கையைத் தரும் சூத்திரத்தின் அடுக்குக்குறியில் இடைவெளியின் பாதிதான், அதாவது இடைவெளி ÷ 2, வரும். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அந்த 2-ஐ விட்டால் விடை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

கேள்வி: சிலிக்கானின் மின்கடத்தலைக் கூட்ட பாஸ்பரஸ் எவ்வளவு சேர்த்தால் போதும்?

பதில்: 50 லட்சம் அணுக்களுக்கு ஒன்று போட்டாலே எலக்ட்ரான்கள் பத்து லட்சம் மடங்கு பெருகும். கொடை மட்டம் (பாஸ்பரஸின் உபரி எலக்ட்ரான் இருக்கும் ஆற்றல் மட்டம்) கடத்துப் பட்டைக்கு 0.045 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே கீழே இருக்கிறது.

கேள்வி: சிலிக்கானில் ஏன் எல்இடி செய்வதில்லை?

பதில்: இணைதிறன் பட்டையின் உச்சியும் கடத்துப் பட்டையின் அடியும் வெவ்வேறு உந்தத்தில் உள்ளன. ஒளித்துகளான ஃபோட்டானால் அவ்வளவு உந்தத்தைச் சுமக்க முடியாது. படிக அதிர்வும் அதே சமயம் கைகொடுக்க வேண்டும், அது அரிது. அதற்குள் எலக்ட்ரான் ஏதாவது குறைபாட்டில் சிக்கி ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். காலியம் ஆர்சனைடில் இரண்டும் ஒரே உந்தத்தில் இருப்பதால் நேரடியாக இறங்கி, 870 நானோமீட்டர் அகச்சிவப்பை உமிழ்கிறது.

கேள்வி: எல்இடி வைத்து இடைவெளியை அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறதே?

பதில்: கண்ணுக்கு ஒளி தெரியும் வோல்டேஜைக் குறிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கண் பச்சையைச் சட்டென்று பிடிக்கும், அடர்சிவப்பைத் தாமதமாகத்தான் பிடிக்கும். 1 கிலோ ஓம் மின்தடையைத் தொடரில் போட்டு, எல்லா எல்இடியிலும் ஒரே 1 மில்லி ஆம்பியரில் வோல்டேஜை அளந்து ஒப்பிடுங்கள். இடைவெளிக்கு 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுப்பதே நம்பகமானது: 630 நானோமீட்டர் சிவப்புக்கு 1.97 எலக்ட்ரான் வோல்ட். வெள்ளை எல்இடியைச் சேர்க்காதீர்கள். அதற்குள் இருப்பது நீலச் சில்லு, மேலே பாஸ்பர் (நீல ஒளியை வேறு நிறங்களாக மாற்றும் பொருள்) பூச்சு.